திண்ணையில் இருந்த டிபன் கேரியர்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவை. ஆடி இப்போதுதான் முடிந்தது, குகை வண்டி வேடிக்கையும் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் ஊரையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டுப் போயிருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கூழ், மாமியார் வீட்டுப் பன்றிக்கறி, ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியல் என்று கேள்விகள் குவிந்திருக்கின்றன. கிறிஸ்தவ வாசகர்கள் எழுதியவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் போதகர் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். வேதத்தில் படித்ததையும் வாழ்க்கையில் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

*

கேள்வி: டீச்சர், என் பிறந்த வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீட்டில் பன்றிக்கறி வறுவல்தான். கல்யாணமாகி வந்த வீட்டில் வேறு சபை, லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தை அப்படியே கைக்கொள்கிறார்கள். பன்றி, நண்டு, இறால், சுறா எதுவும் கூடாது. போன டிசம்பரில் அம்மா எனக்காகக் கறி வறுத்து டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்தார். மாமியார் கேரியரை உள்ளே விடவில்லை. சாயங்காலம் வரை அது திண்ணையிலேயே இருந்தது, அம்மாவும் பாதி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ‘நாம் பரிசுத்த ஜனம்’ என்கிறார் மாமியார். ஏசாயா 66:17-ஐயும் காட்டுகிறார். என் அம்மா செய்தது பாவமா? (வாசகி, தாதகாப்பட்டி)

பதில்: பாவம் இல்லை தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

உங்கள் மாமியார் பிடித்துக்கொண்டிருக்கும் வசனமும் பொய் இல்லை. மோசேயின் சட்டப் புத்தகங்களில் ஒன்றான லேவியராகமத்தின் 11-ஆம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது: மிருகம் என்றால் குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசைபோடவும் வேண்டும். பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசைபோடாது. ஒட்டகம் அசைபோடும், குளம்பு சரியில்லை. தண்ணீரில் வாழ்வதற்குச் சிறகும் செதிலும் வேண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மேட்டூர் அணையிலிருந்து வருகிற கட்லாவுக்கும் ஜிலேபிக்கும் செதில் உண்டு, சாப்பிடலாம்; கெளுத்திக்குச் செதில் கிடையாது, கூடாது. பன்றியை மட்டும் விட்டுவிட்டுக் கெளுத்திக் குழம்பு வைக்கிற வீடுகளும் உண்டு, அது வேறு விஷயம்.

ஏன் இந்தச் சட்டம்? பன்றிக்கறியில் புழு இருக்கும், அந்தக் காலத்தில் சரியாக வேக வைக்கமாட்டார்கள், அதனால் கடவுள் தடுத்தார் என்று மேடைகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த அதிகாரத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. உடம்புக்குக் கெடுதல் என்பதுதான் காரணமென்றால் உபாகமம் 14:21-ஐப் படித்துப் பாருங்கள். தானாகச் செத்ததை நீங்கள் சாப்பிட வேண்டாம், ஆனால் உங்கள் ஊரில் தங்கியிருக்கும் பரதேசிக்குக் கொடுக்கலாம், அந்நியனுக்கு விற்கலாம் என்கிறது. விஷம் என்றால் கடவுள் அதை அடுத்தவனுக்கு விற்கச் சொல்வாரா? மானிடவியல் அறிஞர் மேரி டக்ளஸ் 1966-இல் ஒரு விளக்கம் சொன்னார்: நிலம், நீர், வானம் என்று ஒவ்வொன்றிலும் வாழ்கிற உயிருக்கு ஒரு ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கில் முழுசாகப் பொருந்தாததை விலக்கினார்கள், தினமும் தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் கடவுளின் முழுமையை நினைக்க வைத்தார்கள் என்று. அதை ஏற்கலாம், விடலாம். வேதம் தானாகச் சொல்கிற காரணம் ஒன்றுதான், 11:44-இல் இருக்கிறது: நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்.

இங்கேதான் நம் தமிழ் நம்மைக் கொஞ்சம் இடறிவிடுகிறது. ‘பரிசுத்தம்’ என்றதும் நம் காதில் விழுவது சுத்தம். குளித்தது, கழுவியது, அழுக்கு ஒட்டாதது. எபிரெயத்தில் இருக்கிற ‘கதோஷ்’ என்ற சொல்லுக்குப் பிரித்து வைத்தது, கடவுளுக்கென்று ஒதுக்கியது என்ற அர்த்தம் முன்னால் நிற்கிறது. வீட்டில் நல்ல பித்தளைக் குடம் ஒன்றைத் திருவிழாவுக்கென்று தனியாக எடுத்து வைப்போமே, மற்ற குடங்கள் அழுக்கு என்பதால் அல்ல, இது அதற்கென்று ஆனது என்பதால், அப்படி. எகிப்தில் அடிமையாக இருந்த ஒரு கூட்டத்தைக் கடவுள் தமக்கென்று எடுத்து வைத்தார், அதற்கு அடையாளமாகச் சமையலறை வரைக்கும் ஒரு ஒழுங்கு கொடுத்தார். அதே மாதிரி ‘தீட்டு’. நம் வேதாகமத்தில் அந்த வார்த்தையைப் படிக்கும்போது நம் ஊர்த் தீட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது, வீட்டுக்குத் தூரமான பெண்ணைப் பின்கட்டில் உட்கார வைப்பதும், ஒரு சாதிக்காரர் தொட்ட சொம்பை வெளியே கவிழ்ப்பதும். அந்த அர்த்தத்தை ஏற்றிப் படித்தால் வேதம் நம் ஊர்ப் பழக்கத்துக்குச் சாட்சி சொல்வது போலவே தெரியும்.

யூதர்கள் அந்தச் சட்டத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள், அதை நாம் லேசாகப் பேசக் கூடாது. கத்தோலிக்கர்களின் ஆர்.சி. வேதாகமத்தில் மக்கபேயர் இரண்டாம் புத்தகம் இருக்கிறதே, அதன் 6-ஆம் அதிகாரத்தில் எலயாசர் என்ற தொண்ணூறு வயதுக் கிழவரை, அப்போது யூதர்களை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கின் ஆட்கள் பன்றிக்கறி தின்னச் சொல்லி வாயைத் திறக்கிறார்கள். நீங்களே வேறு கறி கொண்டுவந்து தின்பது மாதிரி நடியுங்கள், விட்டுவிடுகிறோம் என்று தெரிந்தவர்கள் கெஞ்சுகிறார்கள். இளைஞர்கள் என்னைப் பார்த்து ஏமாந்துபோவார்கள், மாட்டேன் என்று சொல்லி அடிபட்டுச் சாகிறார். இன்றைக்கும் அந்த ஒழுங்கைக் காக்கிற யூதர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையாரும் பன்றி தின்பதில்லை.

ஆனால் இயேசு என்ன செய்தார்? மாற்கு 7-இல் கைகழுவாமல் சாப்பிடுவது பற்றிச் சண்டை வருகிறது. மனுஷனுக்குப் புறம்பே இருந்து அவனுக்குள்ளே போகிற எதுவும் அவனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளேயிருந்து புறப்படுவதுதான் தீட்டுப்படுத்தும் என்கிறார். அப்புறம் ஒரு பட்டியல் தருகிறார்: களவு, பொருளாசை, கபடு, வன்கண், பெருமை. அதில் ஒரு சாப்பாட்டுச் சாமானும் இல்லை. பிறகு அப்போஸ்தலர் 10. யோப்பா ஊரில், தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில், இயேசுவின் சீடர் பேதுரு பசியோடு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். செத்த மிருகத்தின் தோலோடு தினமும் புழங்குகிற ஆளின் வீடு அது, யூதர்கள் தள்ளி வைத்துப் பார்த்த தொழில். வானத்திலிருந்து துப்பட்டி, பெரிய விரிப்பு ஒன்று, இறங்குகிறது, சகல மிருகமும் அதில், அடித்துப் புசி என்கிறது சத்தம். மூன்று தரம். கொஞ்ச நேரத்தில் கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரி அனுப்பிய ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர்களோடு செசரியாவுக்குப் போய், அந்த வீட்டுக்குள் நுழைந்து பேதுரு தன் தரிசனத்துக்குத் தானே அர்த்தம் சொல்கிறார் பாருங்கள், 28-ஆம் வசனம்: எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று நான் சொல்லக்கூடாது என்பதைத் தேவன் எனக்குக் காட்டினார். கறியைப் பற்றி ஆரம்பித்த தரிசனம் ஒரு வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில் போய் முடிகிறது.

அதே பேதுரு பின்னால் அந்தியோகியாவில் சறுக்கினார். யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். இன்னொரு அப்போஸ்தலரான பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டார், கலாத்தியர் 2-இல் இருக்கிறது. பந்தியிலிருந்து எழுந்துபோவதை அவர் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே ஒவ்வாதது என்றார். நம் தமிழ்ச் சபைகளுக்கும் இது புதிதல்ல. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு போகவேண்டும் என்று கடிதம் எழுதியதும், 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட மறுப்பவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார் என்று தீர்மானம் போட்டதும் எதற்காக? ஞானஸ்நானம் வாங்கினார்கள், ஜெபம் பண்ணினார்கள், ஆனால் ஒருத்தர் சமைத்ததை இன்னொருத்தர் தொடமாட்டேன் என்றார்கள். பரிசுத்தம் என்ற பெயரில் அதையும் நியாயப்படுத்தினார்கள்.

மாமியார் காட்டிய ஏசாயா 66:17-ஐயும் பார்த்துவிடுவோம். தோப்புகளில் போய் வேறு தெய்வங்களுக்கென்று தங்களைச் சுத்திகரித்துக்கொண்டு பன்றியும் எலியும் தின்கிறவர்களைப் பற்றிய வசனம் அது. கிறிஸ்துமஸுக்கு மகளுக்குக் கறி வறுத்துக் கொண்டுவந்த தாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி என்ன செய்வது? இங்கே நான் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாமியார் வீட்டு அடுப்பில் பன்றிக்கறியை ஏற்றி ஜெயிக்க நினைக்காதீர்கள். ரோமர் 14-இல் பவுல் எல்லாம் தின்கிற ஆளிடம்தான் அதிகம் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார், உன் சாப்பாட்டினால் உன் சகோதரனைக் கெடுக்காதே என்று. பல வருஷம் பயபக்தியோடு ஒன்றைத் தொடாமல் இருந்த மனுஷியின் மனச்சாட்சியை ஒரு வறுவலுக்காக இடிக்க வேண்டாம். கறி அந்த வீட்டுக்குள் போகாமல் இருக்கட்டும். உங்கள் அம்மா போக வேண்டும். இதை நீங்கள் மாமியாரிடம் சொன்னால் சண்டையாகும், உங்கள் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். மாமியார் பெற்ற பிள்ளை அவர், அவர்தான் பேச வேண்டும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, காப்பி போட்டுக் கொடுக்கிற வேலையும் அவருடையதே. வரும் டிசம்பரில் அம்மாவை ஒரு நாட்டுக்கோழி அடித்து மலை மிளகைத் தட்டிப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேவியராகமத்துக்கும் கோழிக்கும் சண்டையில்லை, மாமியாரும் கூட உட்கார்ந்து சாப்பிடலாம்.

*

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும்போது ஆட்டு ரத்தமும் வாங்குவோம். சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல் போட்டுப் பொரித்தால் பிள்ளைகளுக்கு உயிர். புதிதாகச் சேர்ந்த ஜெபக் குழுவில், பன்றி பரவாயில்லை, ரத்தம் கூடவே கூடாது என்கிறார்கள். பன்றியை விட்டவர்கள் ரத்தத்தை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்? அப்படியே இன்னொன்று: நாங்கள் கறி எடுப்பது பாய் கடையில், ஹலால் கறி வாங்கலாமா? (வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது தம்பி. பன்றி விலக்கு சீனாயில் இஸ்ரவேலருக்குக் கொடுத்தது. ரத்த விலக்கு அதற்கு முன்னாலேயே நோவாவுக்கு, ஆதியாகமம் 9:4-இல் இருக்கிறது, நோவாவின் பிள்ளைகள் என்றால் எல்லா மனுஷரும்தான். அப்புறம் அப்போஸ்தலர் 15-இல், யூதரல்லாத கிறிஸ்தவர்களுக்கு எந்தப் பாரத்தையும் சுமத்த வேண்டாம் என்று முடிவு செய்த அதே எருசலேம் கூட்டம், நாலு விஷயத்தை மட்டும் விலக்கச் சொன்னது: விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம்.

சபைகள் இதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. கிழக்கத்திய சபைகள் 692-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடி ரத்தம் சேர்த்த உணவைத் தடை செய்தன. மேற்கே, அதற்கு முன்னூறு வருஷம் முன்னாலேயே அகஸ்டின் என்ற பிஷப், இந்த விதியை இப்போது யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, யூதரும் மற்றவரும் ஒரே சபையாகச் சேர்ந்த காலத்துக்குக் கொடுத்தது அது என்று எழுதிவிட்டார். 1442-இல் ஃபுளோரன்ஸில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கமும் அதையே சொன்னது. எனக்கும் அந்தப் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. 15:21-ஐப் படியுங்கள், ஊருக்கு ஊர் மோசேயின் ஆகமத்தை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்பதுதான் அங்கே காரணம். ஒரே பந்தியில் உட்காரும்போது யூதச் சகோதரனுக்குக் குமட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு.

ஆனாலும் நான் சாப்பிடுவதில்லை. கறிக்கடைக்காரர் டம்ளரில் பிடித்து உப்புப் போட்டு உறைய வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், உயிர் ரத்தத்தில் இருக்கிறது என்ற லேவியராகமம் 17-ஆம் அதிகார வார்த்தை எனக்குள் வந்து நிற்கும். ஒரு உயிரை எடுக்கிறோம், அது நம்முடையதல்ல, கொடுத்தவருடையது என்று ஒரு இடத்திலாவது கையை நிறுத்துவது எனக்கு நல்லதாகப் படுகிறது. அது என் பழக்கம், உங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் இல்லை. ஜெபக் குழுவினர் வீட்டுக்குச் சாப்பிட வருகிற அன்றைக்கு மட்டும் பொரியலைத் தவிர்த்துவிடுங்கள்.

பாய் கடைக் கறி தாராளமாக வாங்கலாம். கடையில் விற்கிறதை வாங்கிப் புசியுங்கள், மனச்சாட்சிக்காக ஒன்றையும் விசாரிக்க வேண்டாம் என்று 1 கொரிந்தியர் 10:25-இல் இருக்கிறது. கொரிந்துச் சந்தைக் கறியில் கொஞ்சம் கோயில் பலியிலிருந்து வந்திருக்கும் என்று தெரிந்தேதான் பவுல் அதை எழுதினார்.

*

கேள்வி: பக்கத்து வீட்டு அத்தை ஆடிப் பண்டிகைக்குக் கூழும் பொங்கலும் கொடுத்தார்கள். அம்மா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. நான் கேட்டால், விக்கிரகத்துக்குப் படைத்தது என்கிறார். (பிளஸ் டூ மாணவி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: பாப்பா, நீ கேட்டது என் வீட்டிலும் நடந்தது. அதைச் சொல்லாமல் உனக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். நாங்கள் இருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஒரு மாரியம்மன் கோயில், ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும். நாலாவது வீட்டு அக்கா ஒரு ஈயச் சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழும், ஒரு கிண்ணத்தில் நறுக்கிய வெங்காயமும் மோர் மிளகாயும் கொண்டுவந்து நீட்டி, “இது படைக்கறதுக்கு முந்தியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சதுங்க” என்று சொன்னார். அப்பா என்னை வாங்கச் சொன்னார். வாங்கினேன். அவர் நாலு எட்டு வைப்பதற்குள் அப்பா அதை என் கையிலிருந்து எடுத்து வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். அந்த அக்கா கிண்ணத்தை மறந்துவிட்டேன் என்று திரும்பினார். பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சாக்கடைக் கல்லில் கூழ் வழிந்துகொண்டிருந்தது, வெங்காயம் மட்டும் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. நாங்கள் கொடுத்த கிறிஸ்துமஸ் பலகாரத்தை மட்டும் அவர் ஒவ்வொரு வருஷமும் இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே நின்று ஒரு முறுக்கைக் கடித்துவிட்டுத்தான் போவார்.

பவுல் இதில் இரண்டு பக்கமும் பேசுகிறார், ஒரு பக்கத்தை மட்டும் உனக்குச் சொன்னால் நான் ஏமாற்றுகிறவள் ஆவேன். 1 கொரிந்தியர் 8-இல், விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பிடுவதால் நமக்கு மேன்மையும் இல்லை, சாப்பிடாததால் குறைவும் இல்லை என்கிறார். 10-இல், வழிபாட்டுப் பந்தியில் போய்ப் பங்கெடுக்காதே என்கிறார், கர்த்தருடைய பந்தியிலும் அதிலும் ஒரே ஆள் உட்கார முடியாது. அதே அதிகாரத்தில், ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு, கேள்வி கேட்காதே. இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருக்காகச் சாப்பிடாதே என்கிறார். ஆக, படைத்தது என்று சொல்லித் தருவதை மறுக்க உன் அம்மாவுக்கு வேதத்தில் இடம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் சிரித்து வாங்கிக் குப்பையில் போட இடமே இல்லை. “அத்தை, சாமிக்கு வச்சதை நாங்க சாப்பிடறதில்ல, மனசுல எடுத்துக்காதீங்க” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாமே. நம் ஊர்ப் பெண்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர்கள் இல்லை, அடுத்த வருஷம் அவர்களாகவே தனியாக எடுத்து வைப்பார்கள். எடுத்து வைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், பாத்திரத்தைக் கழுவி, அதில் ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுங்கள். உன் அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே, என் அப்பாவைப் போல அவருக்கும் அது பயம்தான். இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு.

*

கேள்வி: தவக்காலம் முழுக்க மீன்கூடத் தொடாதவர்தான் உண்மையான கத்தோலிக்கர் என்கிறார் என் சித்தப்பா. சைவமாக இருந்தால் பரிசுத்தம் கூடுமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: ஆர்.சி. சபைச் சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பும் உண்டு, இறைச்சி விலக்கும் உண்டு. பதினாலு வயதிலிருந்து இறைச்சி விலக்கு, பதினெட்டிலிருந்து ஐம்பத்தொன்பது வரை நோன்பு. மீன் அந்த விலக்கில் வராது. அதற்கு மேல் ஒருவர் விட்டால் அது அவருடைய அன்புக் காணிக்கை, அடுத்தவரை அளக்கிற படி இல்லை.

சைவத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. மதுரையிலிருந்த இத்தாலியச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்பார்களே, அவர் 1623-இல் சேந்தமங்கலம் வழியாக நம் சேலத்துக்கு வந்தார். காவி உடுத்தி, கறி மீன் எதையும் தொடாமல், ஒரு வேளை சைவச் சாப்பாடு. கறி தின்றால் பாவம் என்று அவர் நினைக்கவில்லை, தான் தின்பதைப் பார்த்து இந்த ஊர் மக்கள் தன் வார்த்தையைக் கேட்காமல் போகக்கூடாது என்றுதான் விட்டார். அதை மெச்சுகிறேன். அதே பழக்கம் அவரை உயர்சாதிக்காரர் பந்தியோடு நிறுத்தியது, மற்றவர்களோடு அவரால் வெளிப்படையாக உட்கார முடியவில்லை, அவர்களுக்கென்று பண்டாரச் சாமிகள் என்று தனியாக ஆள் வைக்க வேண்டி வந்தது. அதை என்னால் மெச்ச முடியவில்லை.

சித்தப்பாவுக்கு ஏசாயா 58-ஐ வாசித்துக் காட்டுங்கள். பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு, அதுதான் எனக்கு உகந்த உபவாசம் என்கிறார் கடவுள். கறி எடுக்காத வாரம் மிச்சமான காசு எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள்.

*

கேள்வி: சாப்பாட்டில் இல்லை, உடுப்பில் இல்லை என்றால் பரிசுத்தம் எதில்தான் இருக்கிறது? நான் தோட்டத்தில் சூப்பர்வைசர். எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். (வாசகர், செம்மடுவு)

பதில்: யோப்பா மாடியில் துப்பட்டி பார்த்த பேதுருதான் பிற்பாடு கடிதம் எழுதுகிறார். லேவியராகமத்தின் அதே வாக்கியத்தை, ‘நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும்’ என்பதை எடுக்கிறார், ஆனால் உங்கள் நடக்கைகள் எல்லாவற்றிலும் என்று சேர்க்கிறார், 1 பேதுரு 1:15. அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. லேவியராகமத்திலேயே அந்த வாக்கியம் மறுபடியும் 19-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிறது. 11-ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் 19-ஐத் திறப்பதில்லை, அதுதான் என் ஆதங்கம். பரிசுத்தராயிருங்கள் என்று ஆரம்பித்து அது எங்கெல்லாம் போகிறது பாருங்கள். தோட்டத்தில் சிந்தின பழத்தைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். கூலிக்காரன் கூலி விடியற்காலம் வரைக்கும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னால் தடுக்கலை வைக்காதே. உன்னிடத்தில் தங்குகிற அந்நியனை உன்னைப் போல நேசி. கடைசியில் தராசுக்கு வருகிறது: சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும், சுமுத்திரையான படியும் உங்களுக்கு இருக்கட்டும். சுமுத்திரை என்றால் சரியான அளவு.

நீங்கள் தோட்டத்துக்காரர், உங்களுக்குத் தராசு தெரியும். பழம் எடுக்கிற காலத்தில், மார்கழிக் குளிரில், நாலரை மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். பெண்கள் சாக்கைத் தலையில் சுமந்து வரிசையில் நிற்பார்கள், விரலெல்லாம் காப்பிப் பழத்தின் பிசின். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சாக்குக்கு ஒரு கிலோ, இலைக்கும் காம்புக்கும் அரைக் கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பார்கள். சாக்கு ஒரு கிலோ இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் நாளைக்கு வேலை இருக்காது.

கூழைக் கவிழ்த்தார் என்று மேலே சொன்னேனே, அதே அப்பா, எங்கள் தோட்டத்தில் வெறும் சாக்கை முதலில் தராசில் போட்டு எடை பார்த்து அதை மட்டும்தான் கழிப்பார். ஒரு நாள் இருட்டுகிற நேரம், லாந்தர் ஏற்றியாகிவிட்டது, ஒரு பாட்டி தன் எடை குறைகிறது என்று முனகினார். மேஸ்திரி அதட்டினார், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள், மழைத் தூறல் வேறு. அப்பா எடை எழுதுகிற செக்ரோல் நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்தார், ஏற்கெனவே குவியலில் கொட்டத் தூக்கிய சாக்கை வாங்கி மறுபடி கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நிற்கும் வரைக்கும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். முக்கால் கிலோ கூட இருந்தது. போய் உட்கார்ந்து, முன்னால் எழுதியதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான எடையை எழுதி, “பாட்டி, பாத்துக்குங்க” என்று நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் குனிந்து, லாந்தர் வெளிச்சத்தில், அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.